ஆகாசத்துக்கு இன்னா நோவு?

மியூனிக்குக்கு வந்த புதிதில், வீட்டுக்கார அம்மாள் ஒரு காலை காப்பியை வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்து என் முன் நீட்டினார். நட்சத்திரங்களைப் பற்றிய வேலை என்று நான் சொல்லியிருந்தேன். இந்தியப் பெண் ஆயிற்றே, ஜோசியம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். என் அரைகுறை ஜெர்மனுக்கு அவரைத் திருத்தும் தெம்பில்லை. ஆயுசு கெட்டி என்று சொல்லித் தப்பித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வானம் முழுவதையும் எக்ஸ்ரே கண்ணால் துழாவி முடித்திருந்த ஒரு செயற்கைக்கோளின் பதிவுகள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் குவிந்து கிடந்தன. எக்ஸ்ரே வீசும் ஒவ்வோர் இடமும் கணினித் திரையில் ஒரு புள்ளி. அது விண்மீனா, தொலைதூர அண்டமா, வெறும் கருவிக் கோளாறா என்று பார்த்துப் பட்டியலில் சேர்ப்பது எங்கள் வேலை. பிடிபடாதவற்றுக்கு 'தெரியவில்லை' என்று குறிப்போம். அங்கே அது கௌரவமான பதில்.

முதல் விடுமுறையில், சென்னைக்குப் பக்கத்தில் அண்ணனூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். வந்த மறுநாளே பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்கா கணவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சூசை அண்ணன் மின்ரயில் பணிமனையில் ஃபிட்டர். மாதக்கணக்காக இருமல். நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டவர், டாக்டரிடம் காட்டப் பயந்து மெத்தைக்கு அடியில் வைத்திருந்தாராம். அக்கா அதை என் கையில் கொடுத்தார்.

"நீதான் எக்ஸ்ரே வேலையில கீறியேம்மா. இத்தப் பாத்து சொல்லு."

நான் பார்ப்பது வானத்து எக்ஸ்ரே என்று விளக்கினேன்.

"ஆகாசத்துக்கு இன்னா நோவு?"

கேலி இல்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வலது நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஒரு திட்டு. எனக்குத் தெரியவில்லை என்றேன். அண்ணனின் முகம் வாடிப்போயிற்று.

"மறைக்காதம்மா. எதுவா இருந்தாலும் சொல்லு" என்றார்.

மியூனிக்கில் மதிப்பாகச் சொல்லும் சொல் இங்கே சாவோலையாகிவிட்டது. இனி எப்படி விளக்கினாலும் அவருக்கு ஏறாது. அடுத்த நாள் நானே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் இறங்கியதும், ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்கே போய்விடலாம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்கள் வந்தன, போயின. கடைசியில், "உள்ள நீயும் வருவியா?" என்று கேட்டார்.

போனேன். சளியைச் சோதித்துவிட்டு டிபி என்றார் டாக்டர். மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகிவிடும் என்றார். அதை அண்ணன் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். வெளியே வந்து டீக்கடைப் பெஞ்சில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் இரண்டு டீ சொன்னேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தபோது அப்பா ரிசீவரைச் சூசை அண்ணனிடம் கொடுத்தார். இருமல் போய்விட்டது, வேலைக்குப் போகிறேன் என்றார். பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல், அங்கே மணி என்ன என்று கேட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏழரை என்றேன்.

"இங்கியும் ஏழரைதாம்மா" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ஊரிலிருந்து கட்டிவந்த கடிகாரம். முள்ளை ஜெர்மன் நேரத்துக்கு நான் மாற்றவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, பனியின் மேல் பிற்பகல் வெயில் கண் கூச அடித்துக்கொண்டிருந்தது. ஆமாம் அண்ணே, ஏழரைதான் என்றேன்.