சகலை சரிபார்த்த பிளாப்பி

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றி, பிறகு சொந்தமாக லாரி வாங்கி, அதையும் விற்று அரியலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்தேன். எண்பதுகளின் கடைசியில் அங்கேயே கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டேன். எங்கள் பக்கத்தில் தனி ஆள் சொந்தக் காசில் வாங்கியது அதுதான் முதல். இல்லை என்பவர் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

அப்படிப்பட்ட என் வயிற்றில் நெருப்பை வைத்தவர் என் சகலை, மனைவியின் தங்கை புருஷன். பி.எஸ்ஸி. முடித்து, மெட்ராஸில் கம்ப்யூட்டரும் படித்துவிட்டு, பெரம்பலூரில் ஒரு மெஷினோடு கடை வைத்திருந்தார். அவரைக் கண்டால் மாமியார், "கம்ப்யூட்டர் மாப்ள வந்துட்டாரு" என்று வாசலுக்கே போவார். நான் போனால், "லாரிக்காரரு வந்துட்டாரா?" லாரியை விற்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அப்போது ஒரு சர்க்கரை ஆலை, கரும்பு விவசாயிகளின் பட்டியலை ஊர் ஊராக டைப் செய்து பிளாப்பியில் தரும் வேலையை எனக்குக் கொடுத்தது. முதல் பிளாப்பியை ஆலை மெஷின் ஏற்கவில்லை. தப்பு, ஒவ்வொரு ஊர்ப் பட்டியலின் ஃபைலுக்கும் நான் வைத்த பெயர்களில். பிள்ளையார் சுழி போடாமல் நான் எதையும் தொடங்கியதில்லை. இங்கிலீஷ் கீபோர்டில் சுழி ஏது? 2 அடித்து, பக்கத்தில் = அடித்தேன். பார்க்கச் சுழியும் இரண்டு கோடும் போலவே இருக்கும். அதற்குப் பின்னால் உடையார்பாளையம், திருமானூர் என்று ஊர்ப் பெயர் முழுசாக. என் மெஷின் எந்தப் பெயர் வைத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆலையில் இருந்தது வேறு ஜாதி மெஷின். பெயரில் = வரக்கூடாது, எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது.

"ஒரு வாரம் டைம் தரேன். மறுபடி இப்படின்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றார் கரும்பு ஆபீசர்.

என் மனைவி என்னைக் கேட்காமலே தங்கைக்குச் சொல்லியனுப்ப, சகலை வந்து இறங்கிவிட்டார். பெயர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"சுழி சாமி ரூம்ல இருக்கட்டும் சகலை, ஃபைல் பேருல வேணாங்க."

தன் கடைக்கு என்னை அழைத்துப் போய், அரை மணி நேரத்தில் ஒரு புரோகிராம் எழுதினார். பெயரைக் கொடுத்தால் ஆலை மெஷினில் செல்லுமா செல்லாதா, செல்லாவிட்டால் நீளம் தப்பா, ஆகாத குறியா என்று சொல்லிவிடும். ஊர்களையெல்லாம் மூன்று மூன்று இங்கிலீஷ் எழுத்தாகச் சுருக்கி ஓட்டினார். எல்லாமே செல்லும் என்று வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் கவனித்தேன். பெரிய நாகலூருக்கு பி, ஆர், என் என்று வைத்திருந்தார். ஆலை மாதிரி மெஷின்களில் அது பிரிண்டருடைய சொந்தப் பெயர். அதைக் கோப்புக்கு வைத்தால் மெஷின் கோப்பை விட்டுவிட்டுப் பிரிண்டரைத் தேடும். கம்ப்யூட்டர் வாங்கிய திருச்சிக் கடையில் ஒரு மாதம் தரையில் குந்தி நான் கற்றது இது. சகலையின் புரோகிராம் நீளத்தையும் குறியையும் மட்டுமே பார்த்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பிளாப்பி போட்டேன். ஒன்றில் அவர் வைத்த பெயர்கள் அப்படியே. இன்னொன்றில் அந்த ஒரு பெயரை மட்டும் மாற்றினேன். சகலையையும் கூட்டிக்கொண்டு ஆலைக்குப் போனேன்.

"பேரெல்லாம் என் சகலைதான் சார் செக் பண்ணாரு" என்று உரக்கச் சொல்லி, முதல் பிளாப்பியை நீட்டினேன். பெரிய நாகலூரில் மெஷின் நின்றது. ஆபீசர் முகம் சுருங்கியது.

"என்ன சகலை, பி.எஸ்ஸி.ல இதச் சொல்லித் தரலியா?" என்று கேட்டுவிட்டு இரண்டாவதை எடுத்துக் கொடுத்தேன். அத்தனை ஊரும் ஏறியது. காரணத்தையும் விளக்கினேன். சகலை தலை குனிவார் என்று பார்த்தேன்.

அவரோ நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சார், எங்க சகலை எவ்வளவு உஷாரு பாத்தீங்களா! இதத்தான் நான் கோட்ட விட்டுட்டேன்." ஆபீசருடைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த தன் புரோகிராமை ஏற்றினார். "இந்த மாதிரி ஆகாத பேரு வேற என்னென்ன இருக்கு, சொல்லுங்க சகலை."

ஆபீசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த நான்கையும் சொன்னேன். சகலை அவற்றைத் தன் புரோகிராமில் சேர்த்துக்கொண்டார்.

"இனிமே எந்த கான்ட்ராக்டரா இருந்தாலும், மொதல்ல இவருகிட்ட செக் பண்ணிட்டுதான் இங்க வரணும்" என்று சகலையைக் காட்டினார் ஆபீசர்.

வேலை என் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் அடுத்த சீசனிலிருந்து பிளாப்பியோடு பெரம்பலூர் பஸ் ஏறி, சகலை கடை வரிசையில் நின்றேன். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க சகலை, உங்களுக்கு எதுக்குங்க செக்கிங்?" என்பார். சொல்லிக்கொண்டே பிளாப்பியை வாங்கி உள்ளே போடுவார். ஒரு தடவைகூட என் பெயர் எதுவும் செல்லாது என்று வந்ததில்லை. ஆனாலும் அவர் வாயால் "செல்லும்" என்று கேட்கும்வரை எனக்கு மூச்சு ஒழுங்காக வராது. அதனால் வரிசையில் நிற்பவர்களிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவேன், இந்தப் புரோகிராமில் நாலு பெயர் நான் சொல்லிக் கொடுத்தது என்று.