ஜவுபர் தௌபாச் செய்யவில்லை

ஜவுபர் மௌத்தாகிப் பதினேழாம் நாள், அவருடைய மூத்த சகோதரர் நளீர் காக்கா நினைவுத் துண்டுப்பிரசுரம் ஒன்றை அச்சடித்துக்கொண்டு வந்தார். ஜவுபரின் மகள் றுஸ்தா அதை வாங்கி அறைக்குள் உம்மா சுபைறாவிடம் கொடுத்தாள். சுபைறா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்களுக்கு முன் வரக்கூடாத நாட்கள். நின்றபடியே வாசித்தாள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடச் சேவை, பள்ளிவாசல் கட்டடத்துக்கு உழைத்தது, எல்லாம் இருந்தன. கடைசியில், 'இளமையில் ஈடுபட்ட இசையைக் கைவிட்டு, தௌபாச் செய்து, மனந்திருந்தி வாழ்ந்தார்' என்றிருந்தது.

ஜவுபர் கிட்டாரை விட்டதே இல்லை. இருபது வயதில் சிற்றலை வானொலியில் ஜாஸ் கேட்டு, ஒரே மெட்டை ஒவ்வொரு தரமும் வேறு வழியால் கொண்டுபோகலாம் என்பதில் பைத்தியமாகிப் போன மனிதர். சனிக்கிழமைகளில் பாண்டிருப்பு ஊர்க் கூட்டாளி அழகரெத்தினத்தின் டிரம்ஸோடு அறுகம்பை ஹோட்டல்களில் வாசிப்பார். முதல் கிட்டாரைச் சுனாமி கொண்டுபோனது. வீட்டுக்குக் கூரை வருமுன் இரண்டாவது கிட்டார் வந்தது. அதற்காகச் சுபைறா ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். "நளீர் மச்சான், இத ஆரு எழுதின?"

"நான்தான். மௌத்தானவருக்கு நல்லதுதானே சொல்லியிரிக்கி. நாளைக்கி இரங்கல் கூட்டத்துல வாசிக்கப் போறம்."

"பொய்ய எழுதிட்டு நல்லதெண்டு சொல்லாதீங்க. மௌத்தாக நாலு நாளைக்கி முந்தியும் வாசிச்சவரு."

"ஊர் என்ன சொல்லும் புள்ள?"

"அந்தக் கிட்டாருக்காகப் பதினொரு வருசம் இந்த வாசல மிதிக்கல்ல நீங்க. இப்ப அவருக்கு வாய் இல்லயெண்ட ஒடன வந்து தௌபாச் செஞ்சி வெக்கிறீங்களா?"

நளீர் எழும்பிப் போனார். பின்னேரம் அழகரெத்தினம் படலையடியில் நின்று றுஸ்தாவிடம் சொன்னார். "கிட்டாரப் பத்திக் கதைக்காம கூட்டத்துக்கு வரட்டாம், நளீர் சொல்லிட்டாரு. அப்ப நான் என்னத்தக் கதைக்கிற? வாய்க்காலப் பத்தியா?"

சுபைறாவுக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. காக்காவுக்கு ஒருநாளும் எதிர்த்துப் பேசாத ஜவுபர் மேல் வந்தது. 'ஜன்னலச் சாத்திட்டு வாசிங்க, ஆக்களுக்குக் கேக்கும்' என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள்? தன் மேலேயே வந்த அந்தக் கோபம்தான் நெஞ்சை அதிகம் எரித்தது.

மறுநாள் கூட்டத்தின் ஒலிபெருக்கி கேட்கத் தொடங்கியதும் றுஸ்தாவைக் கூப்பிட்டாள். ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குத் தன் குரலிலேயே அனுப்பினாள்.

"நான் ஜவுபர்ட பொண்சாதி சுபைறா. அவர் அஞ்சி நேரமும் தொழுதவரு, கிட்டாரும் வாசிச்சவரு. அத விட்டாரெண்டு எழுதினது பொய். இது கடைசியா வாசிச்சது. கேளுங்க."

அதன் பின்னால் றுஸ்தா பதிவு செய்து வைத்திருந்த பதினான்கு நிமிட வாசிப்பும் போனது.

பின்னேர அஸர் தொழுகைக்குள் பத்தொன்பது பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். வெட்கமில்லாதவள் என்று ஒருவர் எழுதினார். நளீர் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. துண்டுப்பிரசுரம் வீடு வீடாகப் போனது. அவர் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

அன்று பொழுதுபட, மஃரிபுத் தொழுகைக்கு முன் அழகரெத்தினம் போன் எடுத்தார். அவர் குரலிலும் சூடு இருந்தது. "தங்கச்சி, ஒம்பதாவது நிமிசத்தில ஒரு இடம் பிழைச்சிரிக்கி. எங்கிட்ட நல்ல பதிவு இரிக்கி. கேட்டிருந்தாத் தந்திருப்பனே."

"பிழைச்சாப் பிழைக்கட்டும் அண்ணன். ஊராக்கள் அவரக் கழுவித் தொடச்சது போதும்."

போனை றுஸ்தாவிடம் நீட்டினாள். இன்னும் கதைத்தால் அழுகை வந்துவிடும். இன்றைக்கு அழ அவளுக்கு விருப்பமில்லை.