மடியில் கொடுத்த ஹெல்மெட்

பங்குனி முதல் வெள்ளி, காலை ஏழேகால். மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மரக்காணத்திலிருந்து பைக்கில் கிளம்பினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்கள் உரசுமே என்று பயந்து உப்பளத்து உள்வழியில் திரும்பினேன். போலீஸ் இல்லாத வழி என்பதால், வழக்கம்போல் ஹெல்மெட்டைக் கழற்றி, பிடித்துக்கொள்ளச் சொல்லி அவள் மடியில் கொடுத்தேன்.

வளைவில் உப்புத்தண்ணீர்க் குழாயைக் குறுக்கே போட்டு, மேலே களிமண்ணை மேடாகக் குவித்திருந்தார்கள். வண்டி எகிறியதில் அவள் விழுந்தாள். முழங்கை எலும்பு முறிந்தது.

“எச்சரிக்கைக்கு ஒரு சிவப்புக் கொடி நடக்கூடாதாய்யா?” என்று, குழாயருகே தண்ணீர் இறைக்கும் இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் கத்தினேன்.

“வருஷா வருஷம் இங்கதாங்க பைப்பு போடுறோம். பாத்து வர்றதில்லையா?” என்றார் அந்த இன்ஜின்காரர், அசராமல்.

“அவரை அப்புறம் திட்டுங்க,” என்றாள் மனைவி. “ரெண்டு கையிலயும் உங்க ஹெல்மெட்டு. நான் எதைப் புடிப்பேன்?”

அந்த மேட்டில் இன்றுவரை கொடி இல்லை. என் கோபமும் ஆறவில்லை. ஆனால் இப்போது உள்வழியிலும் இருவர் தலையிலும் ஹெல்மெட் இருக்கிறது. அவள் கையில் எதையும் கொடுப்பதில்லை.