செருப்பு வரிசையில் முதல் ஆள்

படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். அன்று மாலை அந்த கிளினிக் வாசலில் நின்றிருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். நான் நின்றேன். என் பெயர் மணிவேல். ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர்.

என் மனைவி அருணாவுக்கு எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இரண்டு நாளாகத் தலைவலி வேறு. உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு இலவச கிளினிக். பெண் டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். முப்பது பேரைத்தான் பார்ப்பார். விடியற்காலையில் போய் நிற்கலாம் என்றால் சானமாவு காட்டிலிருந்து யானைகள் ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் செவ்வாய் மாலையே ஆளுக்கொரு பழைய செருப்பை வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் செருப்பு இருக்கும் இடம்தான் டோக்கன்.

நான் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அருணாவின் செருப்புக்கு முப்பதாவது இடம் கிடைத்தது. அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

வாட்ச்மேன் ராமப்பன் இரண்டு புதுச் செருப்புகளோடு வந்தார். வரிசையைக் காலாலேயே பின்னுக்குத் தள்ளி, அவற்றை முதலில் வைத்தார். அருணா முப்பத்திரண்டாவது ஆனாள்.

"அண்ணா, எட்டாவது மாசம்ணா. கால் வீங்கிக் கெடக்கு."

"அடுத்த புதன் வா."

"அதுவரைக்கும் தாங்காதுண்ணா."

"கொளந்த என்ன டவுன் பஸ்ஸா, கௌம்பிப் போறதுக்கு? இவங்க நமக்கு வேண்டியவங்கப்பா. போ, போ."

கேட்டைப் பூட்டிவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார். எனக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

சர்ர்ர்...

சிமெண்டில் ரப்பர் உரசும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். புதுச் செருப்புகள் இரண்டும் சாக்கடையில் கிடந்தன. முதல் இடத்தில் நீல ரப்பர் செருப்பு ஒன்று. வாரில் ஊக்கு குத்தியிருந்தது. மழையே இல்லை. அது மட்டும் நனைந்திருந்தது.

ராமப்பன் ஓடி வந்தார். "நீதான எடுத்துப் போட்டே?"

"நான் தொடவே இல்லண்ணா."

அந்த நீலச் செருப்பைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"இது... எப்பிடி இங்க வந்துச்சு?"

ஒரு குச்சியால் அதைத் தூக்கி ரோட்டுக்கு அப்பால் வீசினார். சரியாக ஏழு மணிக்கு கரண்ட் போனது.

சர்ர்ர்... சர்ர்ர்...

செல்போன் வெளிச்சத்தைத் திருப்பினேன். நீலச் செருப்பு மறுபடியும் முதல் இடத்தில். ஈரம் சொட்டியது.

பூட்டிய கேட்டுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். களைத்த குரல்.

"நான் எத்தனாவதுங்க?"

ராமப்பனின் கை என் தோளை இறுக்கியது. 

"நான்... எத்தனாவதுங்க?"

"மொதல்... மொதல் ஆளு நீதாம்மா," என்று குழறினார் ராமப்பன்.



இப்போது குரல் எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவர் காதருகே.

"அப்ப நீ?"

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவரை ஏற்றி அனுப்பினேன். வரிசையைத் தொட யாருக்கும் துணிவில்லை. மறுநாள் நீலச் செருப்புக்கு யாரும் வரவில்லை; முப்பதாவது ஆளாக டாக்டர் அருணாவைப் பார்த்தார். ரத்தக் கொதிப்பு எல்லை மீறியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பெண் குழந்தை. இருவரும் நலம்.

நர்ஸ் சத்யப்ரியா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "போன மாசம் செல்வம்மாள்னு ஒருத்தங்க. மாசமா இருந்தாங்க. வந்தப்பல்லாம் அவங்க நீலச் செருப்ப ராமப்பன் பின்னால தள்ளிட்டாரு. கடைசியா வந்தன்னிக்கு நல்ல மழ. கேட்டுக்கு வெளியவே ஜன்னி வந்து விழுந்துட்டாங்க. தாயும் புள்ளையும்... ரெண்டும் போயிடுச்சு."

ராமப்பன்?

அவரை ஏற்றிப்போன டிரைவர் அஜித்குமாரை அடுத்த வாரம் பார்த்தேன்.

"ரெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேண்ணா. ரெண்டு எடத்துலயும் அவருக்கு முன்னாடி ஒரு மாசமான பொம்பள நின்னுச்சு. அத மொதல்ல பாக்கணும், இருங்கன்னாங்க. உள்ள கூப்ட்டா ஆளக் காணோம். வெளிய வந்து பாத்தா மறுபடி முன்னாடி நிக்குது. அப்பிடியே நேரம் போயிடுச்சு. முடிஞ்சிட்டாரு."

"அவருக்கு நினைவு இருந்ததா?"

"கடைசி வரைக்கும் இருந்துச்சுண்ணா. ஸ்ட்ரெச்சர்ல படுத்தபடியே அது முதுகப் பாத்துக் கும்பிட்டுட்டே இருந்தாரு... அது திரும்பிக்கூடப் பாக்கல."