அடி தெரியாத தண்ணீர்

குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நீச்சல் டீமுக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? "அருவி கொட்டுதுலா, பெறவு என்ன?" என்று என்னிடம் கேட்காத ஆளே இல்லை. அருவியில் நிற்கலாம், தலையைக் காட்டலாம், எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். நீந்த முடியுமா? விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

தென்காசியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் விளையாட்டு ஆசிரியை. நீச்சல் குளம் கிடையாது. ஆனால் சுரண்டை, வாசுதேவநல்லூர் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் பலருக்கு வயல் கிணற்றிலேயே நீச்சல் வந்திருந்தது. அவர்களை வைத்து ஒரு டீம் கட்ட ஆசைப்பட்டேன். பிரின்சிபால் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். "நடத்துங்க. ஆனா கிணத்துல ஒரு பிள்ளைக்குக் காயம்னு வந்தாலும் சரி, போட்டியில ஒருத்தி பாதியில ஏறினாலும் சரி, அன்னைக்கே டீமைக் கலைச்சிருவேன்."

அன்றைக்குப் பிடித்த பயம்தான், இன்னும் விடவில்லை.

சுரண்டை போகிற வழியில் பரம்பரை நிலக்காரர் ஒருவர் தன் வயல் கிணற்றைத் தந்தார். பாறையை வெட்டி இறக்கிய பெரிய கிணறு. தண்ணீர் பாசிப் பச்சை, அடி தெரியாது. எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். "அது கெடக்கு டீச்சர், ஒரு தென்னை உசரம் இருக்கும். எங்க அய்யா காலத்துலேருந்து புள்ளைய குதிக்குதுவ. ஒண்ணும் ஆகலைலா?" என்றார் அண்ணாச்சி.

பிள்ளைகள் மேல்படியிலிருந்து தொப்புத் தொப்பென்று குதிப்பார்கள். குதித்த தலை மேலே வருகிறவரை எனக்கு மூச்சு வராது. தலையை எண்ணி எண்ணி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட எதிர்வரிசையில் எத்தனை தலை என்று மனது எண்ணத் தொடங்கிவிடும். "மிஸ்ஸு நம்மள எண்ணியே இளைச்சிருவாவ" என்று கேலி பேசுவார்கள். அதில் பெரிய வாயாடி சிவகிரிப் பெண். டீமிலேயே கெட்டிக்காரியும் அவள்தான். "எனக்கு நீச்சல் சொல்லித் தராதீய மிஸ், வேகம் மட்டும் சொல்லித் தாங்க" என்பாள்.

முதல் போட்டிக்கு வெளியூர் போனோம். நீலத் தண்ணீர், அடியில் டைல்ஸ் பதித்த தரை, அதில் கறுப்புக் கோடுகள். ஊசி விழுந்தால்கூடத் தெரியும். அப்பாடா, இங்கே ஒருத்தியும் என் கண்ணுக்குத் தப்ப முடியாது என்று அன்றைக்குத்தான் நிம்மதியாக உட்கார்ந்தேன். அந்த நிம்மதி ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை. பழகிப் பார்க்க இறங்கிய சிவகிரிப் பெண் உடனே ஏறிவந்து கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உடம்பு வெடவெடத்தது.

"என்னட்டி? வயித்து வலியா?"

"அடி தெரியுது மிஸ்."

"தெரிஞ்சா நல்லதுலா?"

"மொட்டை மாடியிலேருந்து எட்டிப் பாக்குத மாதிரி இருக்கு. விழுந்துருவேன் மிஸ்."

எனக்கு வந்ததே கோபம்! அடி தெரியாத கிணற்றில் குட்டிக்கரணம் போடுகிறவள், தரை தெரிகிற குளத்தில் விழுந்துவிடுவாளாம். திட்ட வாயெடுத்தவள் அவள் உதட்டைப் பார்த்தேன். நீலம் பாரித்திருந்தது. கோபம் போய்விட்டது. மற்றவர்கள் எப்படியோ நீந்தி முடித்துவிட்டார்கள். மிச்சம் அவளுடைய நூறு மீட்டர்தான். அவள் பாதியில் ஏறினால் அத்தனை பேர் உழைப்பும் தண்ணீரோடு போயிற்று.

அப்போதுதான் விதி ஞாபகம் வந்தது. ஃப்ரீஸ்டைல் போட்டியில் எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம்.

"மல்லாந்து நீந்துட்டி. மேல தெரியுத மானத்தை மட்டும் பாரு. கெணத்துல மெதந்துக்கிட்டுப் பாப்பேல்லா, அதே மானம்தான்."

"எல்லாரும் சிரிப்பாவளே மிஸ்."

"சிரிச்சா அவங்க பல்லுதான் தெரியும். நீ போ."

கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள், புரண்டாள், மல்லாந்துவிட்டாள். பாதை பிரிக்கிற கயிற்றுப் பக்கம் ஒதுங்கும்போதெல்லாம் நான் கரையில் கூடவே நடந்து குரல் கொடுத்தேன். நடுவர் என்னை அதட்டினார். அதட்டட்டும். மற்றவர்கள் துவட்டிக்கொண்டு நின்றபோது அவள் வந்து சுவரைத் தொட்டாள். கூட்டம் சிரித்தது. எனக்கோ அழுகை.

"கடைசியாவா வந்தா?" என்று ஊர் திரும்பியதும் கேட்டார் பிரின்சிபால் மேடம்.

"பாதியில ஏறலை மேடம்" என்றேன். டீம் பிழைத்தது.

கோடையில் அண்ணாச்சி தூர்வாருவதற்காகக் கிணற்றை வற்ற இறைத்தார். "ஒரு தடவை அடியப் பாத்துட்டா என் பயம் போயிரும் மிஸ்" என்று அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா!" என்று சிரித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் குதிக்கிற மேல்படிக்கு நேர் கீழே, பக்கச் சுவரிலிருந்து ஒரு பாறை முனை கூராக நீட்டிக்கொண்டிருந்தது. கிணறு நிரம்பியிருக்கும்போது அதற்கு மேல் ஓர் ஆள் ஆழம்கூட இருந்திருக்காது. எட்டிக் குதித்ததால் இத்தனை நாள் தப்பியிருக்கிறார்கள். ஒருத்திக்குக் கால் வழுக்கியிருந்தால்? அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அட சவத்தை விடுங்க டீச்சர், இத்தன காலமா ஒண்ணும் ஆகலைலா?" என்றார் அண்ணாச்சி.

"இதை உடைக்காம நான் இங்கனேருந்து எந்திரிக்க மாட்டேன்."

"நல்ல பயந்தாங்கொள்ளி டீச்சரு."

"ஆமா அண்ணாச்சி, பயந்தாங்கொள்ளிதான். ஆளைக் கூப்பிடுங்க."

தலையில் அடித்துக்கொண்டு, தூர்வார வந்தவர்களிடமே சொல்லி உடைக்க வைத்தார். கடைசிச் சில்லு கூடையில் மேலேறும்வரை நான் அசையவில்லை.

சாரல் காலம் வந்தது. தண்ணீர் ஏறி, பழையபடி பச்சையானது. அவள் மேல்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடியிலதான் ஒண்ணும் இல்லலா மிஸ், நீங்களே பாத்தியளே. இன்னும் எதுக்கு எண்ணுதீய?"

கேட்டுவிட்டுக் குதித்துவிட்டாள். அவள் தலை மேலே வந்ததும், "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கினேன்.