ஒன்பதாவது கேள்விக்கு ஓர் உதாரணம்

ஜேர்மனியின் ஹம் நகரத்தில் இருபது வருடமாக எங்கள் தமிழ் ஆட்களோடு டாக்டர்மாரிடம் போய் மொழிபெயர்க்கிறவள் நான். மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் ஒன்பது கேள்விகளைத் தமிழுக்குக் கொண்டுவர முடியுமா என்று ஒரு கிளினிக்கிலிருந்து ஒரு டாக்டர் கேட்டார். இதென்ன பெரிய வேலை, ஒரு பின்னேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றேன். வாய்க்கொழுப்பு.

மூன்று மாதம் எடுத்தது. மொழிபெயர்த்தால் மட்டும் போதாதாம். ஐந்து பேரிடம் கொண்டுபோய் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக்காட்டி, என்ன விளங்கியது, ஓர் உதாரணம் சொல்ல முடியுமா என்று கேட்டு, சொன்னதை ஜேர்மனில் எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்தக் கதையைக் கேட்கக் கூடாது. "நாங்கள் சோதிப்பது கேள்வியை, ஆளை அல்ல" என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். நானும் அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாலு பேரும் என் உயிரை வாங்கினார்கள். ஓர் அண்ணை, "இது விசர் ஆக்களுக்குரிய பேப்பர். எங்கட ஆக்களுக்கு இதெல்லாம் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டார். ஒருத்தி ஒன்பது கேள்விக்கும் "ஓம், நல்லா இருக்கு" என்றாள். இன்னொரு வீட்டில், சாவைப் பற்றிய ஒன்பதாவது கேள்வி வந்ததும், "விளக்கு வைச்ச நேரம் உந்தக் கேள்வியை வாசிக்காதேங்கோ" என்று தாளைக் கவிழ்த்து வைத்தார்கள். நாலாவது ஆள் தேத்தண்ணி தந்தார், பதில் தரவில்லை.

ஐந்தாவது, பக்கத்துக் கட்டிடத்து அக்கா. முதியோர் இல்லமொன்றில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். கணவர் இல்லை. மகன் ஹம்பேர்க்கில், மகள் வுப்பர்டாலில். நிலவறையில் அவர் வைத்திருந்த பெரிய பிரீசர் எங்கள் தெருவில் பிரசித்தம். துருவிய தேங்காய், வெட்டிக் கழுவிய மீன், முருங்கையிலை எல்லாம் பொதி பொதியாக இருக்கும். கோயில் திருவிழாவுக்கு எத்தனை பேர் வந்து இறங்கினாலும் அக்கா முகம் சுளிக்கமாட்டார்.

அக்கா ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு, யோசித்து, பதில் சொன்னார். ஒருவராவது பதில் சொல்கிறாரே என்று எனக்குத் தலைகால் தெரியாத புளுகம். செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்ற ஒன்பதாவது கேள்வியை வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பால் துடைத்தார்.

"ஒரு மனுசி இருக்கிறா எண்டு வையுமன். அவவுக்குப் பிரீசரை நிரப்ப மனம் வராது. நிரப்பினா அதைச் சமைச்சு முடிக்கிற வரைக்கும் இருக்கவேணுமெல்லே. அப்பிடிப்பட்ட ஆளைத்தானே இதில கேக்கினம்?"

"இப்பிடி ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லை அக்கா. கேள்வியில ஏதும் மாத்தவேணுமோ?"

"நல்லா விளங்குது பிள்ளை. ஒண்டும் மாத்தவேண்டாம்."

நான் வெளிக்கிட்டபோது நிலவறைக்குக் கூட்டிப்போய் இரண்டு பை நிறைய மீனும் முருங்கையிலையும் அள்ளிப் போட்டார். "கொண்டுபோம். எனக்கு என்னத்துக்கு இவ்வளவு?" என்றார். அக்கா எப்போதும் கொடுக்கிற கை. பெரிய மீன் துண்டுகளைக் கண்ட சந்தோஷத்தில் நான் வீட்டுக்கு நடந்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு அக்காவின் மகள் போன் எடுத்துச் சொன்னாள். அக்கா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டுவிட்டார்.

செத்தவீடு முடிந்து, சாமான் ஒதுக்க உதவிக்குப் போனேன். நிலவறையில் பிரீசரின் வயர் கழற்றிச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு துளி ஈரமில்லை. மூடிப் போட்டால் மணக்கும் என்று, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு துணியை மடித்துச் செருகியிருந்தார். நான் நிலவறைப் படியிலேயே குந்திவிட்டேன். மகள் மேலிருந்து கூப்பிட்டது கேட்டது.

எங்கள் ஆட்கள் தங்கள் வருத்தத்தைத் தங்களுடையது என்று சொல்லமாட்டார்கள். "சில பேருக்கு நெஞ்சடைக்கும்" என்பார்கள். "ஒரு மனுசிக்கு நித்திரை வாறேல்லையாம்" என்பார்கள். டாக்டருக்கு முன்னால் அதைக் கேட்ட கையோடு, இவருக்குத்தான் நெஞ்சடைக்கிறது, இவருக்குத்தான் நித்திரை இல்லை என்று ஜேர்மனில் சொல்லிவிடுவேன். இருபது வருடமாக நான் பெருமைப்பட்டுக்கொண்ட கெட்டித்தனம் அதுதான். அன்றைக்குத் தாள் உதாரணம் கேட்டது, அக்கா உதாரணம் சொன்னார், நான் உதாரணம் என்று எழுதினேன். "அந்த மனுசி ஆர் அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விதிமுறையாம், மண்ணாங்கட்டி.

உங்கள் பிழை இல்லை, சோதனைத் தாளை யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள் என்றார் டாக்டர். சரியாக இருக்கலாம். அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கேள்விகள் இப்போது பாவனையில் இருக்கின்றன. ஆட்களோடு கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளை அவர்கள் மடியில் பார்க்கிறேன். ஒன்பதாவது கேள்வி ஓர் எழுத்தும் மாறவில்லை. அதற்கு நேரே நான் எழுதிக் கொடுத்த குறிப்பு கிளினிக்கின் கோப்பில் கிடக்கிறது: தெளிவாக விளங்குகிறது, நல்ல உதாரணம், மாற்றம் தேவையில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அக்கா தந்த மீனை அன்றைக்கே குழம்பு வைத்துத் தின்றேன். அடுத்த நாள் போன் எடுத்து, நல்ல ருசி என்று சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு பிள்ளை. நீர் வந்து எடுத்தீரெண்டா முடிஞ்சுபோம்" என்றார்.

"அடுத்த கிழமை வாறன் அக்கா" என்றேன். அறிக்கை எழுதி முடிக்க வேண்டியிருந்தது.