கரையில் வைத்த போன்

ஜெர்மனியின் எசன் நகர ஏரியில் எங்கள் பல்கலைக்கழகப் படகுக்குத் திசை பிடித்துக் குரல் கொடுப்பவள் நான். துடுப்புப் போடும் எட்டுப் பேரில் எனக்கு நேரெதிரே இருப்பவன் உக்ரைனிலிருந்து வந்த ஒலெக்.

போட்டியன்று, "போர்முனையிலிருந்து தம்பி கோல் எடுப்பான், போன் என்னிடமே இருக்கட்டும்" என்று கெஞ்சினான். கவனம் சிதறும் என்று வாங்கிக் கரையில் வைத்துவிட்டேன்.

வென்றோம். தம்பி மூன்று முறை அழைப்பு எடுத்திருந்தான். ஒலெக் திருப்பி எடுத்தபோது பதில் இல்லை. பிறகு ஒருநாளும் இல்லை.

வன்னியில் கடைசிப் போரின்போது மாமா இறுதியாக எடுத்த அழைப்பைத் தவறவிட்டதிலிருந்து, அம்மா குளியலறைக்கும் போனோடுதான் போவார். "எல்லாம் தெரிஞ்ச நீயே இப்பிடிச் செய்திட்டியே, பிள்ளை" என்றார்.

ஒலெக் என்னை ஏசவில்லை. இன்றும் பயிற்சிக்கு வந்து என் எதிரே இருக்கிறான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால், "இழு" என்றுதான் வருகிறது. இழுக்கிறான்.